ஐஸக்கா ஐஸ் வைத்த கதை

யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஒருத்திக்கு ஐஸக்கா என்று பேர் வைத்தவன் எவனோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அவள் பிழைப்பே ஐஸ்தான். மீன் கம்பெனியின் குளிர் அறை, மருந்துக் கிடங்கு, ஐஸ்கிரீம் கடைப் பெட்டி, பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறை என்று எங்கே குளிர் நின்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். ஸ்பானர் பையும் கேஸ் சிலிண்டருமாக வந்து இறங்குவாள். பிணவறையில் வேலை என்றால் மட்டும், பெட்டிக்குள் படுத்திருப்பவரிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இதோ ஆச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் திருகாணியில் கை வைப்பாள். அவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். வேறு வழி?

ஆனால் உயிரோடு இருக்கிறவர்களைக் குளிர வைக்க அவளுக்கு வராது. சம்பளம் கூட்டிக் கேட்கப் போனவள், முதலாளி அறை ஏ.சி.யை அண்ணாந்து பார்த்து, "இதைக் கழுவி எத்தனை மாசமாச்சு? இந்த அழுக்கைத்தான் மூச்சு விடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பிவிட்டாள். கல்யாணப் பேச்சுகளும் இதே கதிதான். நல்லா படித்த ஒரு மாப்பிள்ளை அரைமணி நேரம் தன்னைப் பற்றிப் பேசி முடித்ததும், "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கரகரன்னு சத்தம் போடுதே, கேக்கலையா உங்களுக்கு?" என்றாள். அதற்கப்புறம் அந்த ஃப்ரிட்ஜ் சத்தமும் கேட்கவில்லை, மாப்பிள்ளை சத்தமும் கேட்கவில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தொழில் அப்படி. காதை வைத்துத்தான் வைத்தியம். கம்ப்ரஸர் உறுமினால் ஒரு நோய், விக்கினால் இன்னொரு நோய். சத்தமே இல்லை என்றால் சாவு. குளிர் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் சத்தம், சத்தம் நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் நாறப் போகிறது என்று அர்த்தம். அவள் வாழ்க்கையில் முழுசாகப் படித்த பாடம் இது ஒன்றுதான்.

இன்னொரு பாடம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. அறிவியல் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்ததும் வாத்தியாருக்கு இருமல் வரும். "இதை நீங்களே வீட்ல படிச்சுக்கங்க" என்று தாண்டி, தாவரங்களின் வேருக்குப் போய்விடுவார். வீட்டில் யார் படித்தார்கள்? அதனால்தான், லேடி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விளக்கியபோது ஐஸக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

சூலகம் என்பது பெண்ணுக்கு இரண்டு. ஐஸக்காவுக்கு ஒன்றைப் பள்ளிக்கூட வயதிலேயே கட்டி என்று எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றிலும் இப்போது கட்டி.

"ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும்," என்றார் டாக்டர். "ரொம்பத் தள்ளிப் போட முடியாது. வெட்டின அப்புறம் முட்டை மிச்சம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாதும்மா. பின்னாடி குழந்தை வேணும்னு நெனப்பு இருந்தா, முன்னாடியே கொஞ்சம் முட்டையை எடுத்து உறைய வெச்சுக்கலாம். ஆனா இங்க முடியாது. கட்டி இருக்கிற சூலகத்துல ஊசி வைக்க இங்க யாரும் துணிய மாட்டாங்க. வெளிநாட்டுல செய்யறாங்க."

ஐஸக்கா ஸ்கேன் படத்தை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"எத்தனை டிகிரில வைப்பாங்க?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அழுவீங்கன்னு பார்த்தேன்."

அழுகை வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில், ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் வந்தது. குழந்தை என்றால் உயிரை விடுகிற ரகம் இல்லை அவள். வேணுமா வேண்டாமா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் 'வேண்டாம்' என்றால் அதை அவள்தான் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு கட்டி எப்படிச் சொல்லலாம்?

வீட்டில் அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு ஓய்வு. ஆயுசு பூராவும் லாரி ஓட்டியவர், இப்போது பேப்பரை மட்டும்தான் ஓட்டுகிறார். ஐஸக்கா விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அம்மா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஏன்டி, நல்லாக் கேட்டியா? இது மனுஷங்களுக்குத்தானே?"

"மனுஷங்களுக்குத்தாம்மா."

"முட்டையைப் போய் ஃப்ரீசர்ல வெச்சா வெடிச்சிடுமேடி!"

"அது கோழி முட்டைம்மா!"

பேப்பர் அசையவே இல்லை. அதற்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மயக்க மருந்து குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கப்பா."

"அப்போ கூட ஒரு ஆள் வேணும். உங்கம்மாவால மாடிப்படியே ஏற முடியாது, ஏரோப்ளேன் எங்க ஏறுறது. நான் வரேன்." பேப்பர் ஒரு முறை விரிந்து மடங்கியது. "லோடு எப்ப ஏத்துறாங்களாம்?"

"என்ன லோடுப்பா?"

"அதான்... அந்த... லோடு."

பெற்ற மகளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல அவர் நாக்கு மறுத்தது. அன்றிலிருந்து அது லோடுதான். லோடு பத்திரமா இருக்கணும், லோடுக்குப் பேப்பரெல்லாம் சரியா இருக்கா, லோடு ஏத்துற ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதானா. மகளுக்கும் சிரிப்பை அடக்கிப் பழகிவிட்டது. அம்மா கதை வேறு. அம்மாவுக்குப் பொய் வராது. கிளம்புகிற அன்று எதிர்வீட்டு டீச்சர், "அப்பாவும் பொண்ணுமா வெளிநாட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டதும், "முட்டை விஷயமா," என்று உண்மையை உடைத்துவிட்டாள். விமானம் மேலே ஏறுவதற்குள், ஐஸக்கா வீட்டில் முட்டை ஏற்றுமதி ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரு பூராவும் தெரிந்துபோனது. எங்களுக்கும் மொத்த விலைக்கு ரெண்டு தட்டு போடச் சொல்லுங்க என்று நான்கு வீட்டிலிருந்து ஆர்டர்.

அந்த நாட்டில் மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். ஊசி மருந்துகளைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதால் ஐஸக்கா முதலில் ஃப்ரிட்ஜைத்தான் விசாரித்தாள். கதவுக்கு நடுவில் ஒரு பேப்பர் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. "ரப்பர் போச்சு," என்று சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியால் கதவின் ரப்பர் பட்டையை நீவி நீவி நிமிர்த்தி, மறுபடி பேப்பரை வைத்து இழுத்தாள். பேப்பர் கிழிந்தது. அப்புறம்தான் பெட்டியைத் திறந்து துணிமணியை எடுத்தாள்.

ஊசியைத் தினமும் சாயங்காலம் அவளே தன் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். முட்டைகள் பழுப்பதற்கான மருந்து. கம்ப்ரஸரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறவள், அந்தச் சின்ன ஊசியைப் பிடித்ததும், அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மகளின் வயிற்றைப் பார்ப்பது மரியாதை இல்லை. மகளைத் தனியாக விடுவதும் மனசில்லை.

"குத்திட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"பயப்படாத. நான் சொல்றேன், அப்படியே வா. வரலாம்... வரலாம்... லேசா லெஃப்ட் ஒடி... வரலாம்..."

"அப்பா, நீங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி வரலாம்னு சொல்றீங்க?"

"வண்டி ரிவர்ஸ் எடுக்கறப்ப கிளீனர் சொல்றதக் கேக்கணும். கேள்வி கேக்கக் கூடாது. வரலாம்... வரலாம்... ஹோல்டான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்த அதே நேரத்தில் ஊசியும் உள்ளே போயிருந்தது. அப்பா சுவரோடு சுவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கென்று ஒரு மொழிபெயர்ப்புப் பெண்ணைக் கொடுத்திருந்தார்கள். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை அவள் கற்றுக்கொண்டது தன் அம்மா அவளைத் திட்டிய திட்டிலிருந்து. அதனால் அவளிடம் 'நீங்க' என்கிற வார்த்தையே கிடையாது. முதல் நாளே அப்பாவைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "நீ இங்க உக்காரு. ஓடிப் போயிடாத. தண்ணி குடிக்கிறியா?" என்றாள். எழுபது வயது லாரி டிரைவர் கப்சிப்பென்று உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்தார். அன்று அவளுக்கு அவர் வைத்த பேர் 'மரியாதை'.

"மரியாதை வந்துட்டாளா? மரியாதை சாப்பிட்டுச்சா?" என்று தினமும் விசாரிப்பார். மரியாதைக்கும் அந்தப் பேர் பிடித்துப்போனது. நல்ல பேர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஸ்கேனில் முட்டைப் பைகள் கறுப்புக் குமிழிகளாகத் தெரியும். மற்றவர்களுக்குப் பத்து வரும், பதினைந்து வரும் என்று ஐஸக்கா போனில் படித்து வைத்திருந்தாள். அவளுக்கு வந்தது மூன்று. அடுத்த ஸ்கேனிலும் மூன்று. டாக்டர் மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். அப்புறமும் மூன்றே மூன்று.

"ஆபரேஷனுக்கு முன்னாடி இது ஒரு தடவைதான் முடியும்," என்றாள் மரியாதை, டாக்டர் சொன்னதை அப்படியே வாங்கி. "மூணுலயும் முட்டை இருக்கும்னு சொல்ல முடியாதாம். சில சமயம் காலியா இருக்குமாம். நீ அழாத."

வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது ஐஸக்கா சொன்னாள். "முட்டைக்குப் போயி முட்டை வாங்கிட்டு வரப் போறேன்ப்பா."

பரீட்சையில் அந்த முட்டையை நிறைய வாங்கியவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். பேப்பரை வாத்தியார் கவிழ்த்து நீட்டுவார். திருப்பிப் பார்க்கிறவரைக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும். அதனாலேயே சில பேர் திருப்பாமல் வைத்திருப்பார்கள். அப்பா அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, டீ குடிக்கலாம்," என்றார். அந்த நாட்டு டீ வெந்நீர் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றியே அறை வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தார்கள்.

முட்டை எடுக்கிற நாள் வந்தது. மயக்க ஊசி, வெள்ளை விளக்கு, அப்புறம் ஒன்றுமில்லை. கண் விழித்தபோது காதுக்குத்தான் முதலில் உயிர் வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அப்பா குசுகுசுவென்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"லோடு ஏத்தியாச்சா?"

"லோடுன்னா என்ன?" என்றது மரியாதையின் குரல்.

"அதான்மா... உள்ள இருந்து... எடுத்து..."

"ஓ, முட்டையா! அதை ஏன் மெதுவாச் சொல்ற?"

திரை விலகியது. மரியாதையோடு ஆய்வுக்கூடத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். வழுக்கைத் தலை, தாடையில் இறக்கிவிட்ட முகமூடி. நல்ல செய்தி கொண்டு வருகிறவன் வேகமாக நடப்பான். அவர் மெதுவாக நடந்து வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேசினார். மரியாதை அதைத் தமிழாக்கினாள்.

"மூணு கெடச்சுச்சு. ஆனா ரெண்டு பிஞ்சு. பிஞ்சை வெச்சாப் பிரயோஜனம் இல்ல. ஒண்ணுதான் பழுத்தது." அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஒண்ணை மட்டும் வெச்சாக் குழந்தை வர்றதுக்குச் சான்ஸ் ரொம்பக் கம்மி. அவர் பொய் சொல்ல மாட்டாராம். சில பேர் ஒண்ணுன்னா வேணாம்னு விட்டுடுவாங்களாம். வைக்கிறதா வேணாமான்னு நீதான் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லு, அதுக்கு மேல அது தாங்காது."

அப்பா ஜன்னலுக்குப் போய், கீழே நிறுத்தியிருந்த வண்டிகளை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஐஸக்கா கூரையைப் பார்த்தாள். ஒன்று. ஒரு குளிர் அறை நிறைய மீன் பெட்டி அடுக்குகிறவளுக்கு, ஒன்று என்பது ஒரு கணக்கே இல்லை.

"பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

பொதுவாகக் காட்ட மாட்டார்கள். மரியாதை என்ன சொல்லிக் கேட்டாளோ, அந்த மனிதரையும் நீ வா போ என்று மிரட்டினாளோ, ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு டிவிப் பெட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். உள்ளே உருப்பெருக்கியில் தெரிவது இங்கே தெரியும்.

திரையில் வெளிச்சம். அதன் நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம். வட்டத்துக்குள் மாவு தூவிய மாதிரி மங்கலான பொடிப்பொடி. பெரிய ஐஸ் பாளத்தின் நடுவில் தப்பித் தவறி ஒரே ஒரு காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றது. அசையவில்லை. அவசரப்படவில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது போல இருந்தது.

ஐஸக்கா மூச்சை மெதுவாக விட்டாள். பலமாக விட்டால் கலைந்துவிடும் என்று பட்டது.

அப்பா கதவோரம் நின்று ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் அரைக்கண்ணால் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துக்கொண்டு டிவியை ஒட்டி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோ பெருசா இருக்குமா?"

"பெருசாக்கிக் காட்டுறாங்கப்பா. நெஜத்துல பேனாவுல வைக்கிற புள்ளியைவிடச் சின்னது."

"புள்ளியா?" அவர் திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நீயும் ஒரு நாள் இப்படித்தான் இருந்திருக்க."

மரியாதை ஆய்வுக்கூடத்துக்காரர் சொன்னதைச் சொன்னாள். "இது இப்ப வந்தது இல்லியாம். பொண்ணுங்க பொறக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குள்ள முட்டையெல்லாம் வந்துடுமாம். நீ உன் அம்மா வயித்துக்குள்ள இருந்தப்பவே இது உனக்குள்ள இருந்துச்சு."

அப்பா போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். முட்டி மேல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா திரையில் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"அப்போ," என்றாள் அம்மா, "இதை முதல்ல சுமந்தது நானா?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? நான் பாட்டுக்குக் கண்டபடி மாடிப்படி ஏறி இறங்கிட்டிருந்தேனேடி."

ஐஸக்கா சிரித்தாள். கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. ஒன்று என்பது ஒரு கணக்கே இல்லை என்று நினைத்தவள் அவள்தான். அம்மாவோடு மாடியேறி, தன்னோடு பள்ளிக்கூடம் போய், ஸ்பானர் பையோடு ஊரெல்லாம் சுற்றி, இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் கூடவே வந்திருக்கிறது. சான்ஸ் கம்மி என்பதற்காக அதைப் பாதி வழியில் இறக்கிவிடுவதா?

"வைங்க," என்றாள்.

உள்ளே வேலை ஆரம்பமானது. நூலைவிட மெல்லிய ஒரு குழாய் வந்து முட்டையை உறிஞ்சி, ஒரு துளியிலிருந்து இன்னொரு துளிக்கு மாற்றியது. திடீரென்று வட்டம் சுருங்கியது. காய்ந்த பட்டாணி மாதிரி வற்றிப்போனது.

"செத்துப்போச்சா?" அப்பா எழுந்தே விட்டார்.

"இல்லப்பா. தண்ணியை எடுக்கறாங்க." அது மட்டும் ஐஸக்காவுக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. தண்ணீர் மெதுவாக உறைந்தால் ஊசி ஊசியாக ஐஸ் வளரும். மீனை அவசரமில்லாமல் உறையவைத்து, அப்புறம் வெளியே எடுத்தால் சொதசொதவென்று தண்ணீராகக் கொட்டுவது அதனால்தான். உள்ளே எல்லாம் குத்துப்பட்டுக் கிழிந்திருக்கும். "தண்ணியை எடுத்துட்டு, மருந்தை ஊத்தி, டக்குனு உறைய வைக்கப் போறாங்க. ஊசி வளர நேரமே குடுக்க மாட்டாங்க."

"ஐஸே வராதாம்," என்றாள் மரியாதை. "கண்ணாடி மாதிரி ஆயிடுமாம்."

புல் இதழ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் முட்டையை வைத்து, புகைந்துகொண்டிருந்த கிண்ணத்துக்குள் அமுக்கினார்கள். கண் இமைக்கிற நேரம். அவ்வளவுதான். ஐஸக்கா இத்தனை வருஷமும் குளிரில் வைத்ததெல்லாம் செத்தவை. மீன், கறி, பெட்டிக்குள் படுத்திருந்த மனிதர்கள். குளிர் என்பது கெட்டுப்போவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிற விஷயம் என்றுதான் அவளுக்குத் தெரியும். உயிரோடு இருப்பதை உயிரோடு அப்படியே நிறுத்திவைக்கிற குளிர் ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

பட்டையை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர் வழியாக ஐஸக்கா பார்த்தாள். பெரிய பால் கேன்கள் மாதிரி வரிசையாகப் பாத்திரங்கள். ஒன்றின் மூடியைத் தூக்கினார்கள். வெள்ளையாகப் புகை வழிந்து தரையில் தவழ்ந்தது. பட்டை உள்ளே இறங்கியது. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஐஸக்கா மூடியைப் பார்த்தாள். ரப்பர் இல்லை. கொக்கி இல்லை. தண்ணீர்ப் பானை மேல் தட்டு வைத்த மாதிரி சும்மா வைத்திருந்தார்கள். கண்ணாடியில் காதை ஒட்டி வைத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. உறுமல் இல்லை, விக்கல் இல்லை, மோட்டார் இல்லை.

"அப்பா," என்றாள். "ஓடல."

"என்னது ஓடல?"

"மெஷின் ஓடலப்பா! எல்லாம் நின்னு கெடக்கு! மூடி வேற சரியா மூடல! யாராவது வாங்க!"

ஆஸ்பத்திரி அங்கியோடு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணாடியை அடிக்க ஆரம்பித்தாள். பக்கத்து அறைகளிலிருந்து தலைகள் நீண்டன. ஆயுசில் எத்தனையோ தடவை பாதி ரோட்டில் வண்டி நின்றும் பதறாத மனிதர் அப்பா. இப்போது கண்ணாடிச் சுவரில் இரண்டு கையாலும் அறைந்து, கட்டடமே கேட்கும்படி கத்தினார்.

"யோவ்! என் பொண்ணு முட்டை உள்ள இருக்குய்யா! முட்டைய்யா! கரண்டைப் போடுங்கய்யா! மரியாதை! மரியாதை எங்க? மரியாதையைக் கூப்பிடுங்கய்யா!"

மரியாதை மூச்சிரைக்க ஓடி வந்தாள். பின்னாலேயே ஆய்வுக்கூடத்துக்காரரும் ஓடி வந்தார். அவர் முகமே வெளுத்துவிட்டது. மோட்டார் நின்றுவிட்டது என்கிறார்கள் என்று மரியாதை சொன்னதும் அவர் பாத்திரங்களைப் பார்த்தார், ஐஸக்காவைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

"எந்த மோட்டார்னு கேக்கிறாரு."

"குளிர் மோட்டார்! கம்ப்ரஸர்!"

ஆய்வுக்கூடத்துக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். சிரிக்கவில்லை. அதற்காகவே ஐஸக்கா அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். மரியாதையும் மெதுவாகச் சொன்னாள்.

"மோட்டாரே இல்ல. ஒண்ணுமே இல்ல. உள்ள திரவமா நைட்ரஜன் இருக்கு, நம்ம மூச்சு விடற காத்துல இருக்கே, அதேதான். அதோட இயல்பே அந்தக் குளிர். மைனஸ் நூத்தித் தொண்ணூத்தி ஆறு. அது கொதிச்சுக் கொதிச்சு ஆவியா வெளிய போகணும், அதான் மூடியை லூசா வெச்சிருக்கு. இறுக்கி மூடினாத்தான் வெடிக்கும்."

"கொதிக்குதா?" என்றாள் ஐஸக்கா. "அந்தக் குளிர்லயா?"

"கொதிக்குது."

"கரண்ட் போனா?"

"அதுக்குத் தெரியவே தெரியாது. சுவத்துல இருக்கு பாரு, அந்தச் சின்னப் பொட்டிக்கு மட்டும்தான் கரண்ட். அளவு கொறஞ்சா அது கத்தும். மத்தபடி ஆளுங்க வந்து ஊத்துவாங்க. கொறையக் கொறைய ஊத்துவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலைக்கு ஒரு தொப்பியும் காலுக்கு உறையும் போட்டு அவர்களை உள்ளே விட்டார்கள். பாவம் என்று விட்டார்களா, வெளியே விட்டால் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்று விட்டார்களா, தெரியாது. நீளக் கையுறை போட்ட ஒரு பெண் அப்போதுதான் ஊற்ற வந்திருந்தாள். மூடியைத் தூக்கினாள், குழாயை உள்ளே விட்டாள். புகை பொங்கி விளிம்பில் வழிந்து, ஐஸக்காவின் முழங்காலைத் தடவிக்கொண்டு இறங்கி, தரையில் மறைந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர் மாதிரி ஒன்று, அடுப்பே இல்லாமல், மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்புக்கு அடியில் எங்கேயோ ஒரு புள்ளி.

"எத்தனை வருஷம் இருக்கும்னு கேளு," என்றாள்.

மரியாதை கேட்டுச் சொன்னாள். "அதுக்கு இனிமே வயசே ஆகாதாம். உனக்குத்தான் ஆகும். இப்ப உனக்கு முப்பத்தாறு. நீ நாப்பதாகி வந்தாலும் அது முப்பத்தாறாவே இருக்கும்."

அப்பா இதை விரல் விட்டு யோசித்துப் பார்த்தார். "அப்போ அடுத்த வருஷம் இது உனக்குத் தங்கச்சி."

"அதுக்கடுத்த வருஷம்?"

"சின்னத் தங்கச்சி." அவர் தன் வேடிக்கைக்குத் தானே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது பத்தும் பதினஞ்சுமா வந்திருந்தா நான் இப்படிப் பார்த்திருக்க மாட்டேன்மா."

திரும்பிப் போனதும் ஐஸக்காவுக்கு ஆபரேஷன் இருக்கிறது. அதற்கப்புறம் இது குழந்தையாகலாம், ஆகாமலும் போகலாம், அவளே வேண்டாம் என்றும் சொல்லலாம். அவள் கையை நீட்டிப் பாத்திரத்தின் வயிற்றில் வைத்தாள். கை ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தாள். குளிரவே இல்லை. மேசையைத் தொட்ட மாதிரி, கதவைத் தொட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு குளிரையும் தனக்குள் வைத்துக்கொண்டு, வெளியே ஒரு துளியும் காட்டாமல் நின்றது.

அப்பாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஊற்றி முடித்த பெண் மூடியை வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வெளியே போனாள்.

"போலாம்ப்பா," என்றாள் ஐஸக்கா, கொஞ்ச நேரம் கழித்து. "அவங்க பூட்டணும்."

"இரு," என்றார் அப்பா. "இப்பதானே வந்தோம்."